சாச்சியின் மூன்று புள்ளிகள்

கல்யாண வீட்டுக்கு இரவல் கொடுக்கிற சட்டி, தாச்சி, கிடாரம் எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் அடியில் பெயர் வெட்டியிருக்கும். வெட்டாவிட்டால் திரும்பி வராது. கல்யாணம் முடிந்த மறுநாள் பெண்கள் சட்டிகளை முற்றத்தில் கவிழ்த்துவைத்து, பெயர் வாசித்துப் பிரிப்பார்கள். யார் சட்டி ஓட்டை, யார் சட்டியை யார் போன வருடம் வாங்கிவிட்டுக் கொடுக்க மறந்தது என்று ஊர் வழக்கெல்லாம் அங்கேதான் தீரும். அந்தக் குவியலில் ஒரே ஒரு வீட்டுச் சட்டிகளில் மட்டும் பெயர் இருக்காது. ஆணியால் குத்திய மூன்று புள்ளிகள் இருக்கும். "இது சாச்சிட" என்று யாராவது எடுத்து ஒரு பக்கம் வைப்பார்கள்.

சாச்சி என்றால் எங்கள் ஆட்களுக்குச் சின்னம்மா. அவர் எனக்குச் சொந்தமில்லை, அடுத்த வேலி. ஆனால் ஊரில் சின்னது பெரியது எல்லோருக்கும் அவர் சாச்சிதான். ஒல்லி, உயரம், குரல் மட்டும் மைக் போட்ட மாதிரி. நான் பிறந்த நாளிலிருந்து அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவள். அப்படியிருந்தும் இருபத்தாறு வயதுவரை அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூட எனக்குத் தெரியாது. ஒரு படிவம் வந்துதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

எங்கள் ஊர் புத்தளத்தில், ஆலங்குடாப் பக்கம். கடலில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைக் கட்டிக்கொண்டு வழுக்கி ஓடுவார்கள். இந்தப் பக்கம் எங்கள் பெண்கள் குனிந்து வெங்காயம் பிடுங்குவார்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த துணியோடு வந்தவர்கள் போட்ட ஓலைக் கொட்டில்கள் கல்வீடாகி, மதில் எழும்பி, மதிலுக்கு கேட்டும் வந்துவிட்டது. இன்றைக்கும் திரீவீல்காரரிடம் "கேம்புக்குப் போகணும்" என்றால்தான் சரியான இடத்தில் இறக்கிவிடுவார்.

மணல் தரை. பத்தடி தோண்டினால் தண்ணீர். தோட்டத்துக்கு எறிகிற இரசாயனப் பசளை நேரே அந்தத் தண்ணீருக்குள்தான் இறங்கும். அதைத்தான் நாங்கள் குடிக்கிறோம், பிள்ளைகளுக்குப் பால்மாவும் அதில்தான் கரைக்கிறோம். எந்த மாதம் எவ்வளவு இறங்குகிறது என்று பன்னிரண்டு கிணறுகளில் ஒரு வருடம் அளந்து பார்ப்பதுதான் என் பட்டப்பின் படிப்பின் ஆய்வு. மூன்று மாதம் கைக்காசில் ஓட்டினேன். அதோடு ஆய்வுகூடத்தில் இரசாயனம் முடிந்தது. பட்டப்பின் மாணவர்களின் செயற்றிட்டங்களுக்குப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு ஒரு முறை நிதி தரும், அதற்கு விண்ணப்பம் போடும்படி என் மேற்பார்வையாளர் சொன்னார். "கிடைக்காவிட்டால் தலைப்பை மாற்றுவோம். வேறு யாராவது எடுத்து வைத்த தரவுகளை வைத்து ஏதாவது செய்யலாம்." நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். நான் அன்றைக்கே படிவத்தை எடுத்தேன்.

அந்த மூன்று மாதமும் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தவர் சாச்சி. நான் போத்தலோடு போய் நின்றால் தோட்டக்காரர்கள் மோட்டரை நிறுத்திவிட்டு விசாரணை வைப்பார்கள்: யார் அனுப்பியது, எங்கட பசளையை நிப்பாட்டவா, உன்ட வாப்பா யார்? சாச்சி அந்தப் பன்னிரண்டு தோட்டத்திலும் கூலிக்குக் குனிந்தவர். அவரை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேட்டாலும் பதில் சூடாக இருக்கும். ஒரு தோட்டக்காரர் வேலைக்கு வந்த பெண்களை வயல் குழாயில் குடிக்கச் சொன்னாராம். சாச்சி நேரே அவருடைய குசினிக்குள் போய், அவர் குடிக்கிற குடத்தில் அள்ளிக் குடித்துவிட்டு வந்து, "இதுவும் தண்ணிதான், அதுவும் தண்ணிதான் எண்டா, நாளையிலிருந்து நீங்க வயல்ல குடிங்க" என்றாராம். மறுநாள் வயலுக்குக் குடம் வந்துவிட்டது.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை, விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு போவார். ஒவ்வொரு போத்தலையும் அந்தந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே மூன்று தரம் அலசி நிரப்புவார். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு எனக்கு போன் எடுப்பார். "அனுப்பிட்டன். நாலாம் கிணத்துக்காரன் முந்தநாள் யூரியா எறிஞ்சவன். எழுதிக்க." நான் கேட்காத குறிப்புகள் அவை. பிறகு பார்த்தால் என் ஆய்வில் உருப்படியானதே அவைதான்.

ஆகவே படிவத்தில் 'கள உதவியாளர்: முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம்' என்ற இடத்தைப் பார்த்ததும் நான் யோசிக்கவே இல்லை. வேலியைத் தாண்டிப் போனேன். சாச்சி மீன் செதில் உரசிக்கொண்டிருந்தார்.

"சாச்சி, உங்கட பேரு என்ன?"

"என்னத்துக்கு?"

"போமுக்கு. கம்பசுக்கு அனுப்ப."

"எழுதாத."

"எழுதாட்டி காசு தர மாட்டாங்க சாச்சி."

"நான் காசு கேட்டனா? தண்ணி வேணும் எண்டா அள்ளித் தாறன். பேரு தர ஏலாது."

அன்றைக்குத்தான் எனக்குப் பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கையில் எழுதுகிற மட்டையும் பேனையுமாக யாராவது ஒழுங்கைக்குள் நுழைந்தால் சாச்சிக்கு ஆட்டுக்குக் குழை வெட்டுகிற வேலை வந்துவிடும். பின்வேலியால் போவார். ஒருமுறை ஏதோ நிறுவனம் வீடு வீடாக பேசின் கொடுத்தது, ஆளுக்கு இரண்டு. எல்லோரும் பெயர் எழுதி வாங்கிய பிறகு சாச்சி குழைக் கட்டோடு வந்து, "என்ன குடுத்தானுவள்?" என்று கேட்டார். பேசின் என்றதும், "எனக்கிட்ட ரெண்டு இருக்கு" என்று உள்ளே போனார். அவருடைய போன் சிம் என் வாப்பாவின் பெயரில் இருந்தது. ஊர்க் கூட்டத்தில் வரவு எழுதினால் கடைசி வரிசையில் இருந்துகொண்டு, முன்னால் இருப்பவரிடம் "உன்ட பேரோட ஒண்டு கூட்டிப் போடு" என்பார். ஊர் இதையெல்லாம் குணம் என்று எடுத்துக்கொண்டது. சிலருக்குப் பாகற்காய் ஆகாது, சாச்சிக்குப் பேர் எழுத ஆகாது. அவ்வளவுதான்.

வழியையும் அவரேதான் சொன்னார். "உன்ட உம்மாட பேர எழுது. வேலைய நான் செய்றன்."

இதில் என்ன பிழை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பக்கத்தில் வாழ்க்கையே அப்படித்தான் ஓடுகிறது. ஒருத்தியின் அட்டையில் இன்னொருத்தி போய் அரிசி எடுத்து வருவாள். கிளினிக்கில் ஒருத்தி எடுத்த நம்பரில் மற்றவள் உள்ளே போவாள். ஆள் வர முடியாவிட்டால் அடுத்த வீடு கையெழுத்துப் போடும். அதற்குப் பெயர் பொய் இல்லை, உதவி. உம்மா சந்தோசமாக அடையாள அட்டையைத் தேடி எடுத்துவந்து, வடிவாகக் கையொப்பம் வைத்தார். படிவம் போனது.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை என் கிணறுகளைப் பற்றி நிறையக் கேட்டார், கேட்டதற்கெல்லாம் சொன்னேன். அவருக்குப் பிடித்திருக்கிறது என்று என் மனம் குதித்தது. பிறகு அவர் தாளைப் புரட்டினார்.

"உங்கள் உதவியாளரின் முகவரியும் உங்களுடைய முகவரியும் ஒன்றாக இருக்கிறதே?"

"ஓம் மேடம். அது என்ட உம்மா."

"தாயாருக்குச் சம்பளம் கொடுக்கப் பல்கலைக்கழகத்திடம் பணம் கேட்கிறீர்களா?"

பதறிப்போய் உண்மையைச் சொன்னேன். அதைவிட மடத்தனம் இல்லை. "இல்ல மேடம், பேரு மட்டும்தான் உம்மாட. வேலை செய்றது பக்கத்து வீட்டுக்காரர்."

அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் அதைக் கீழே வைத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்கட பக்கம் அப்படித்தான் மேடம் செய்றது" என்று வேறு சொல்லிவைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

பேராசிரியை கோபப்படவில்லை. "நல்ல திட்டம்" என்றார். "ஆனால் தண்ணீரை எடுத்தது யார் என்பதிலேயே பொய் இருந்தால், தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதுவதை நாங்கள் எப்படி நம்புவது? உண்மையான ஆளின் பெயர், இலக்கம், கையொப்பம். ஒரு வாரம் தருகிறோம்." வெளியே வந்ததும் என் மேற்பார்வையாளர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சாச்சியிடம் சொன்னேன். அவர் எழும்பிப் போய், அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். உள்ளே நாலாக மடித்த ஒரு போட்டோப் பிரதி. மன்னாரில் அவர்களுடைய சொந்த ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு வீடு கொடுப்பதற்கான பெயர்ப் பட்டியல். இலக்கம், பெயர், இலக்கம், பெயர். நடுவில் ஒரு வரியில் பெருவிரலை வைத்துக்கொண்டு காட்டினார். பெயரை விரல் மூடியிருந்தது, இலக்கம் மட்டும் தெரிந்தது.

"எங்கட வூட்டுக்காரர் மவுத்தாக முதல் பதிஞ்சது. அவருட பேர வெட்டிட்டாங்க, என்ட பேர விட்டு வச்சிருக்காங்க. இதுல மட்டும்தான் என்ட பேரு இருக்கணும் புள்ள. இவ புத்தளத்துல வேலை செய்றா, அங்கேயே சம்பளம் எடுக்கிறா எண்டு ஒரு தாள் போனா என்ன சொல்லுவாங்க? இவ அங்கேயே இருந்திட்டா, இவளுக்கு என்னத்துக்கு வூடு எண்டு வெட்டிருவாங்க. பேசினுக்கும் அதுக்குத்தான் பேரு குடுக்கல்ல."

அத்தனை வருடக் குழைக்கட்டுக்கும் காரணம் அதுதான். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எனக்கு ஏழு நாள்தான் இருந்தது, அதில் ஒன்று அன்றைக்கே போயிருந்தது. வாயில் வந்ததைக் கொட்டினேன். "இத்தின வருசமா வராத வூடு சாச்சி! இனியா வரப்போகுது? அதுக்காக என்ட படிப்ப நாசமாக்கப் போறீங்களா?"

அவர் தாளை அதே மடிப்பில் மடித்தார். "மீன் குழம்பு இருக்கு, தின்னுட்டுப் போ" என்றார்.

நான் சாப்பிடாமல் வந்தேன். வீட்டில் உம்மாவிடம் ஆத்திரத்தோடு சொன்னால், உம்மா என்னைத்தான் ஏசினார். "வாயக் கழுவு. நாங்க வூட்டத் திறப்புப் போட்டுப் பூட்டிட்டு வந்த நேரம் நீ பொறக்கவே இல்ல. அவ அந்தத் திறப்ப இன்னும் வச்சிருக்கா, தெரியுமா?" எனக்குத் தெரியாது. அடுத்த வேலிக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதது எவ்வளவோ இருந்தது. ஐந்து நாள் நான் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கோபம் பாதி, வெட்கம் பாதி.

அந்த ஐந்து நாளுக்குள் தண்ணீர் எடுக்கிற முறை வந்தது. நான் சொல்லவில்லை. பெட்டி எங்கள் வாசலில் இருந்தது, பன்னிரண்டு போத்தல், ஐஸ், ஒவ்வொரு லேபிளிலும் திகதி, கிணற்று இலக்கம். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் வழக்கம்போல மார்க்கரால் மூன்று புள்ளிகள். அதைப் பார்த்த பிறகு எனக்கு என் மீதே வெறுப்பாக இருந்தது. போய் மன்னிப்புக் கேட்கத் துணிவு வரவில்லை.

ஆறாம் நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு சாச்சியே வந்தார். நல்ல அபாயா, கையில் அடையாள அட்டை. கதிரையில் உட்கார்ந்து, "அந்தப் போம எடு. தமிழ்ல வாசி, ஒண்டையும் விடாத" என்றார்.

நான் மன்னிப்பில் தொடங்கினேன். "அத விடு, வாசி."

வாசித்தேன். நோக்கம், முறை, கால அட்டவணை, இரசாயனம், போத்தல், ஐஸ், பஸ். 'நிலத்தடி நீர்' என்ற இடத்தில் நிறுத்தி, "எங்கட கிணறு எண்டே போடேன்" என்றார். கடைசிக்கு வந்ததும் கேட்டார்.

"இது எத்தின பேருட கைக்குப் போகும்?"

விரல் மடித்து எண்ணினேன். என் மேற்பார்வையாளர், துறைத் தலைவர், அந்த மூன்று பேர், நிதிப் பகுதி, வங்கி. சொல்லச் சொல்ல எனக்கே பயமாக இருந்தது. "வேணாம் சாச்சி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். "நான் தலைப்ப மாத்துறன்."

"மாத்தினா கிணறு மாறுமா?" என்றார். "அந்தப் பொம்பள கேட்டது சரிதானே புள்ள. ஆளு பொய் எண்டா தண்ணியும் பொய்தான் எண்டு சொல்லுவாங்க. நாளைக்கு நீ இந்தத் தண்ணி கூடாது எண்டு எழுதுவாய். தோட்டக்காரன் என்ன சொல்லுவான்? தாயும் மகளும் வூட்டுக்குள்ள இருந்து எழுதினது எண்டு சொல்லுவான். நான் மூணு மாசம் பனியில போய் அள்ளினது அது."

பேனையை வாங்கினார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து, உருண்டை உருண்டையாக. ஒவ்வோர் எழுத்தையும் வைத்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார். என் வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய பெயரை வாசித்தேன். அழகான பெயர். அதை வாய்விட்டுச் சொல்லப் போனேன், "மெதுவா" என்றார்.

நிதி கிடைத்தது. ஆய்வுகூடத்துக்கு இரசாயனம் வந்தது, புதுப் போத்தல்கள் வந்தன. சாச்சி தண்ணீரும் அள்ளினார், ஏச்சும் ஏசினார். லேபிளில் மட்டும் அதே மூன்று புள்ளிகள்தான். "போமுக்குத் தந்தது போமோட. போத்தலுக்கும் வேணுமா?" என்பார். நானும் வற்புறுத்தவில்லை.

ஆய்வின் எட்டாம் மாதம் உம்மா போன் எடுத்தார். மன்னாரில் வீட்டுக்கான கடைசிப் பட்டியல் ஒட்டிவிட்டார்களாம். சாச்சியின் ஊர்க்காரர் ஒருவர் போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். சாச்சியின் பெயர் அதில் இல்லை.

நான் வந்து அவருடைய வாசலில் நின்றேன். வாயைத் திறக்க முதலே அவர் சொன்னார், "உன்ட தாளால இல்ல."

"எப்படித் தெரியும் சாச்சி?"

"தெரியாது" என்றார். "ஆனா அப்படித்தான் நினைக்கப் போறன். நீயும் அப்படி நினை."

என்னால் நினைக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. அந்தப் பட்டியலில் எத்தனையோ பேர் விடுபட்டிருந்தார்கள், படிவமே நிரப்பாதவர்களும் விடுபட்டிருந்தார்கள், பல்கலைக்கழகத் தாள் மன்னார்வரை போக வழியே இல்லை என்றெல்லாம் எல்லோரும் சொன்னார்கள். நியாயம்தான். இருந்தாலும் அந்தப் பேனையை நீட்டிய கை என்னுடையது.

அடுத்த முறை வந்த பெட்டியை பஸ்ஸிலிருந்து இறக்கி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர்தான் திறந்தார். முதல் போத்தலை எடுத்து லேபிளைப் பார்த்து, ஒரு பெயரை உரக்க வாசித்து, "புது ஆளா?" என்று கேட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு போத்தலிலும், சேகரித்தவர் என்ற இடத்தில், முழுப்பெயர். தகப்பன் பெயரோடு, உருண்டை எழுத்தில், இடம் போதாமல் லேபிளின் ஓரத்தில் மடங்கி ஏறி. ஐஸ் தண்ணீரில் இரண்டு போத்தலில் மை கரைந்திருந்தது, அதற்குமேல் மறுபடி எழுதியிருந்தார். நான் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பாவம், அந்த மனிதர் போத்தல் ஏதும் உடைந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

போன் எடுத்தேன். "என்ன சாச்சி, போத்தல் முழுக்க எழுதியிருக்கீங்க?"

"இனி ஒளிச்சு வச்சு என்ன செய்ய? போற இடமெல்லாம் போகட்டும்" என்றார். "ஏழாம் கிணத்துல தவளை செத்துக் கிடந்திச்சு. எடுத்துப் போட்டுட்டுத்தான் அள்ளினன். எழுதிக்க."

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சிம்மைத் தன் பெயருக்கு மாற்றினார். சட்டிகளுக்கும் பெயர் வெட்டினார், புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே. யாரோ கணக்கெடுக்க வந்தபோது முதல் ஆளாகக் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டதாக உம்மா சொல்லிச் சிரித்தார்.

நான் படிப்பை முடித்து, கல்யாணம் கட்டி, புத்தளம் டவுனுக்கு வந்து வருடங்களாகிவிட்டன. என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் சாச்சியுடையது, முழுதாக, தகப்பன் பெயரோடு. இதை எழுதத் தொடங்கியதும் அதே பெயரை இங்கேயும் போடலாமா என்று கேட்க, போன வெள்ளிக்கிழமை போன் எடுத்தேன்.

"போடாத" என்றார். குரல் இன்னும் மைக்தான்.

"ஏன் சாச்சி?"

"மறுபடி வூட்டுப் பட்டியல் எடுக்கிறாங்களாம் புள்ள. விடுபட்ட ஆக்கள மனுப் போடச் சொல்லியிருக்காங்க. போட்டிருக்கன்."

"ஆய்வேட்டுல உங்கட பேரு இருக்கே?"

"அத யாரு வாசிக்கப் போறா?" என்றார். "இதத்தான் வாசிப்பாங்க."

சரி என்றேன். வேறு என்னென்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். முழுவதையும் போனிலேயே வாசித்துக் காட்டினேன். ஒன்றையும் விடாதே என்றார், விடவில்லை. மீன் குழம்பில் சிரித்தார், பட்டியலை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். முடிந்ததும், ஊரைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார், வைத்திருக்கிறேன். கிணற்றின் எண்ணிக்கையை மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன். பிறகு, சட்டியின் அடியில் இருப்பது மூன்று புள்ளி என்றும் எழுத வேண்டாம் என்றார்.

ஆகவே அது மூன்று இல்லை.